சுவர் யார் கண்ணுக்குத் தெரிகிறது?



சில மாதங்களுக்கு முன் அண்ணாமலை நகரில் ஒரு வீட்டில் அன்பியக் கூட்டம் நடந்தது. செபமாலை முடிந்து, இறைவார்த்தைப் பகிர்வும் முடிந்து, தேநீர் வரும் வரை பேசிக்கொண்டிருந்தோம். அமெரிக்காவில் வேலை செய்யும் தன் மகனைப் பற்றிப் பேசத் தொடங்கிய ஒரு பெரியவர், அங்கே கொடிக்கும் சிலைக்கும் கூடச் சண்டை நடக்கிறது என்று வியந்தார். எல்லோருக்கும் அதில் ஆர்வம் வந்துவிட்டது. கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்த தெற்கு மாநிலங்களின் பழைய போர்க்கொடியை இன்னும் பறக்கவிடுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். வெள்ளையருக்குத் தங்கள் மேலாண்மை தெரியவே தெரியாது என்றார் ஒருவர். எல்லோரும் தலையசைத்தார்கள்.

அதுவரை பேசாமல் இருந்த ஒரு சகோதரி மெதுவாகக் கேட்டார்: "எங்க ஊர்ல எங்க அப்பாவ அடக்கம் பண்ணின கல்லறை தனிங்க. நடுவுல சுவர் இருக்கு. அதுவும் அந்தக் கொடி மாதிரிதானே?"

யாரும் பதில் சொல்லவில்லை. தேநீர் வந்தது. பேச்சு மாறிவிட்டது.

அந்த மௌனத்தைப் பற்றித்தான் இந்தச் சிந்தனை. ஏழு கடல் தாண்டி இருக்கும் கொடி நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. நம் ஊர்ச் சுவர் ஏன் தெரிவதில்லை?

தலைமடையும் கடைமடையும்

இனம், சாதி ஆகியவற்றால் வரும் மேலாண்மையைப் பற்றிப் பேசும்போது பலருக்குக் கோபம் வருகிறது. "நான் யாரையும் ஒதுக்கியதில்லை. என் வீட்டில் எல்லோரும் வந்து சாப்பிடுகிறார்கள். என் மேல் ஏன் பழி?" என்று கேட்கிறார்கள். இது நேர்மையான கேள்விதான். இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பகுதி மக்களுக்கு இதை விளக்க நீண்ட உரை தேவையில்லை. வாய்க்காலில் தலைமடையில் நிலம் வைத்திருப்பவர் தண்ணீரைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. மதகு திறந்தால் அவர் வயலுக்கு நீர் வந்துவிடும். கடைமடைக்காரரோ இரவில் எழுந்து வாய்க்காலைப் பார்த்துவிட்டு வருகிறார். தண்ணீர் எப்போது வரும், எங்கே அடைபட்டிருக்கிறது, யார் மடையைத் திருப்பினார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தலைமடைக்காரர் கெட்டவர் அல்லர். அவரும் உழைத்துத்தான் விளைவிக்கிறார். ஆனால் அவர் உழைப்பால் மட்டும் அந்த நிலம் தலைமடையில் அமையவில்லை.

பிறப்பால் வரும் சலுகை இப்படிப்பட்டது. அது ஒருவர் செய்த குற்றம் அன்று. அவர் கேளாமலே கிடைத்த வசதி. வாடகைக்கு வீடு கேட்கும்போது குலம் விசாரிக்கப்படாமல் இருப்பது, தேர்த்திருவிழாவில் நம் தெருவுக்குத் தேர் வருமா என்று கவலைப்படாமல் இருப்பது, இறந்தவரை எந்தப் பாதை வழியாகக் கொண்டுபோவது என்று யாரிடமும் அனுமதி கேட்காமல் இருப்பது ஆகிய எல்லாம் சலுகைகளே. அவற்றை உடையவர் அவற்றைச் சலுகை என்று அழைப்பதில்லை, "வழக்கம்" என்கிறார். இடஒதுக்கீட்டில் படிக்கும் பிள்ளையைப் பார்த்துத்தான் "சலுகை" என்ற சொல் அவர் வாயில் வருகிறது.

நந்தனாரின் ஊரில்

நாம் வாழும் சிதம்பரம் இந்தக் கேள்வியை நூற்றாண்டுகளாகச் சுமந்துகொண்டிருக்கும் ஊர். ஆதனூரைச் சேர்ந்த நந்தனார், தில்லைக்குப் போக ஏங்கி, "நாளைப்போவார்" என்றே பெயர் பெற்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அவர் வரலாற்றைப் பாடினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதை இசை நாடகமாக்கி ஊரெங்கும் பரப்பினார். கதையின் முடிவில் நந்தனார் தீயில் மூழ்கி எழுந்து, பூணூல் அணிந்த முனிவராகக் கோயிலுக்குள் செல்கிறார். அந்தப் பக்தரின் அன்பை எல்லாரும் போற்றுகிறோம். ஆனால் உள்ளே செல்ல மற்றவர்களுக்குத் தேவைப்படாத நெருப்பு அவருக்கு மட்டும் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வியை ஒடுக்கப்பட்ட மக்கள் கேட்காமல் விடவில்லை. நடராசர் கோயிலின் தெற்கு வாயில் வழியாகத்தான் நந்தனார் சென்றார் என்றும், அங்குள்ள சுவரை அகற்ற வேண்டும் என்றும் குரல்கள் எழுந்ததுண்டு. அப்படியல்ல என்று மறுப்போரும் உண்டு.

வாதம் ஒருபுறம் இருக்க, இதே ஊரில் ஒருவர் வேறு விதமாகப் பதில் சொன்னார். ஆரணி அருகே 1890-ல் பிறந்த சுவாமி சகசானந்தர் சிதம்பரத்துக்கு வந்து, 1916-ல் நந்தனார் பெயரிலேயே ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். சட்டமன்றத்திலும் அம்மக்களுக்காகப் பேசினார். வாயில் திறக்கவில்லை என்று வாதாடிக்கொண்டிருந்த ஊரில், அவர் பிள்ளைகளுக்கு வகுப்பறையின் வாயிலைத் திறந்துவைத்தார். ஒரு பெயர் அவமானத்தின் அடையாளமாகவும் இருக்கலாம், விடுதலையின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதை அந்தப் பள்ளி காட்டியது.

நம் ஆலயத்துக்குள் இருந்த சுவர்

மற்றவர் கோயிலைப் பற்றிப் பேசுவது எளிது. நம் வரலாற்றையும் திறந்து பார்ப்போம்.

நம் உயர்மறைமாவட்டத்தின் தலைநகரான புதுச்சேரியிலேயே, பதினெட்டாம் நூற்றாண்டில், ஆலயத்துக்குள் ஒரு சுவர் இருந்தது. அதன் ஒரு பக்கம் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள், மறுபக்கம் மற்றவர்கள். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745 அக்டோபர் மாதத்தில் நடந்ததைப் பதிவு செய்துள்ளார். சுவருக்கு அப்பால் இருந்த மக்கள் குருக்களிடம் சென்று, தாங்களும் அவர்களுடைய சீடர்கள்தானே, பிறகு ஏன் இந்த வேறுபாடு என்று முறையிட்டார்கள். குருவானவர் அவர்கள் சொல்வதில் உள்ள நியாயத்தை ஏற்று, சுவரை இடிக்கச் செய்தார். உடனே எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களும் அதே நற்கருணையை உட்கொண்ட கிறிஸ்தவர்களே.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சுவர் இருந்தவரை எதிர்ப்பு எழவில்லை. சுவர் இடிந்தபோதுதான் "ஒற்றுமை குலைகிறது" என்ற பேச்சு வந்தது. ஒரு பக்கத்தாரின் அமைதியைத்தான் நாம் பல நேரங்களில் ஒற்றுமை என்று அழைத்துவந்திருக்கிறோம்.

தெற்கே வடக்கன்குளத்திலும் இதே கதை. 1872-ல் அங்கே கட்டப்பட்ட ஆலயத்தில் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனித்தனிக் கூடங்கள் இருந்தன, நடுவில் சுவர். இரு சாதியாரும் ஒரே திருப்பலியில் பங்கேற்கலாம். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க வேண்டியதில்லை. 1910-ல் திருச்சபை அதிகாரிகள் அந்தச் சுவரை அகற்றினார்கள். சுவர் வேண்டும் என்றவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

இவை பழைய கதைகள் என்று சொல்லிவிட முடியுமா? நம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், 2008 மார்ச் 9 அன்று நடந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஆலயத்தில் இடம், பவனி செல்லும் பாதை, கல்லறை ஆகியவற்றில் நெடுங்காலமாக வேறுபாட்டை அனுபவித்த தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். மோதல் வெடித்தது. தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மறுதரப்பைச் சேர்ந்த இருவர் உயிரிழந்தார்கள். அவர்களும் நம் சகோதரர்களே. அது தவக்காலம். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு இரண்டு வாரங்களே இருந்தன.

ஒரு கயிறுக்காகவா இவ்வளவு?

"சுவரை இடித்தால் மனம் மாறிவிடுமா? ஒரு கொடிக்கும் கயிறுக்கும் ஏன் இவ்வளவு கூச்சல்?" என்று சிலர் கேட்கிறார்கள். அடையாளங்களைப் பற்றிய எல்லா விவாதங்களிலும் இந்தக் கேள்வி வரும்.

நம் பள்ளிப் பிள்ளைகளின் கைகளைப் பாருங்கள். தென் மாவட்டங்களில் எந்த நிறக் கயிறு எந்தச் சாதி என்று மாணவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் ஆசிரியர்களும் பெற்றோரும்தான். அல்லது தெரியாததுபோல் இருப்பவர்கள். 2023 ஆகஸ்ட் மாதம் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் தமிழ்நாடு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள், மோதிரங்கள், நெற்றிக் குறிகள் ஆகியவற்றைப் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. நெற்றிக் குறி என்றதும் சமய உரிமை பறிபோகிறது என்று ஒரு தரப்பார் எதிர்த்தார்கள். விவாதம் சூடாயிற்று. வெட்டுப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய பேச்சு பின்னுக்குப் போயிற்று.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. தென் கரோலினா மாநிலத்தில் கறுப்பின மக்கள் சம உரிமைக்குப் போராடிய காலத்தில், 1961-ல், அந்தப் போர்க்கொடி சட்டமன்றக் கட்டடத்தின் மேல் ஏற்றப்பட்டது. எங்கள் முன்னோரின் பாரம்பரியம் என்றார்கள் ஏற்றியவர்கள். எங்கள் முன்னோரின் விலங்கு என்றார்கள் கறுப்பின மக்கள். 2000-ல் சமரசம் செய்து, அதைக் கூரையிலிருந்து இறக்கி வளாகத்துக்குள் நட்டார்கள். 2015 ஜூன் 17 அன்று, சார்ல்ஸ்டன் நகரில் ஓர் ஆலயத்தில் விவிலிய வகுப்பில் அமர்ந்திருந்த ஒன்பது கறுப்பினக் கிறிஸ்தவர்களை, அவர்களுடன் வந்து அமர்ந்த ஒரு வெள்ளை இளைஞன் சுட்டுக்கொன்றான். அந்தக் கொடியுடன் அவன் எடுத்துக்கொண்ட படங்கள் பிறகு வெளிவந்தன. ஜூலை 10 அன்று கொடி இறக்கப்பட்டது.

கொடி யாரையும் கொல்லவில்லை. கயிறு யாரையும் வெட்டவில்லை. உண்மைதான். ஆனால் "நீ இருக்க வேண்டிய இடம் இது" என்று அவை நாள்தோறும் ஒருவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களின் பாதையை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. அந்த வழியாக முதன்முறை நடந்தவர்களுக்கு அது வெறும் செங்கல்லாக இருந்திருக்காது.

ஓர் அடையாளம் தீங்கற்றதா என்று முடிவு செய்யும் உரிமை அதை அணிபவருக்கு மட்டும் இல்லை. அதைப் பார்த்து ஒதுங்கி நடக்க வேண்டியவரையும் கேட்க வேண்டும். அன்பியக் கூட்டத்தில் அந்தச் சகோதரி கேட்டபோது நாம் கேட்கத் தவறியது இதைத்தான்.

இடித்தால் மட்டும் போதுமா?

போதாது. அடையாளத்தை அகற்றுவது தொடக்கம் மட்டுமே.

அமெரிக்காவில் நம் திருச்சபையே கற்றுக்கொண்ட ஒரு பாடம் இருக்கிறது. மேரிலாந்து இயேசு சபையினர் 1838-ல் தங்களிடம் அடிமைகளாக இருந்த 272 ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் விற்றார்கள். அந்தப் பணத்தின் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனைத் தீர்க்க உதவியது. விற்கப்பட்டவர்களில் பலர் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர்கள். 2017-ல் இயேசு சபையினர் அவர்களின் வழித்தோன்றல்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள். விற்பனையை நடத்திய குருவின் பெயரைத் தாங்கிய கட்டடத்துக்கு, விற்கப்பட்டவர்களில் ஒருவரான ஐசக் ஹாக்கின்ஸ் என்பவரின் பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாற்றினால் போதாது என்று வழித்தோன்றல்கள் சொன்னார்கள். 2021-ல் இயேசு சபையினர் அவர்களுக்காக 10 கோடி டாலர் திரட்ட உறுதியளித்தார்கள். முதலில் உண்மையை ஒப்புக்கொள்ளுதல், பிறகு அடையாளத்தை மாற்றுதல், பிறகு ஈடுசெய்தல். நம் ஒப்புரவு அருளடையாளத்தின் வரிசையும் இதுதானே?

நம் நாட்டில் இதற்கு ஒரு சட்டப் பக்கமும் உண்டு. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவரின் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் ஆக முடியும் என்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். இந்தச் சமயத் தடையை நீக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் இதே கோரிக்கையுடன் தீர்மானம் நிறைவேற்றியது.

கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, எனவே பாதுகாப்பும் தேவையில்லை என்கிறது ஒரு வாதம். இதற்கு எதிராக நாம் ஆகஸ்ட் 10 அன்று கறுப்புக் கொடி பிடிக்கிறோம், பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் டில்லியிடம் நீதி கேட்கும் நாம், நம் கல்லறைத் தோட்டத்தில் அதே நீதியைக் கொடுத்துவிட்டோமா? அரசின் ஏட்டில் கிறிஸ்தவருக்குச் சாதி இல்லை. ஊர்க் கல்லறையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நசுங்குபவர் தலித் கிறிஸ்தவர்.

திருச்சபை இதைப் பற்றி மௌனமாக இருக்கவில்லை. 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற நம் தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதிப் பிரிவுகளை நீட்டிக்கும் பழக்கங்கள் சீர்திருத்தப்பட வேண்டும் என்று வலியுறுத்தினார். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஆவணங்கள் வந்துவிட்டன. அவை நம் பங்குகளின் வாசலைத் தாண்டி உள்ளே வர வேண்டும்.

முதல் திருச்சபை காட்டிய வழி

எருசலேம் கோவிலில் பிற இனத்தார் தாண்டக் கூடாத ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. தாண்டுபவன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்க மொழியில் எச்சரித்த கல் ஒன்று 1871-ல் கண்டெடுக்கப்பட்டது. பவுல் எபேசியருக்கு எழுதும்போது, பிரித்து நின்ற சுவரைக் கிறிஸ்து தம் உடலால் தகர்த்தார் என்று சொல்வதை இந்தக் கல்லை மனத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள்.

திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் இன்னும் நெருக்கமானது. எருசலேம் திருச்சபையில் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தது. திருத்தூதர்கள் என்ன செய்தார்கள்? "நாங்கள் யாரையும் ஒதுக்கவில்லை" என்று வாதாடவில்லை. ஒற்றுமையைக் குலைக்காதீர்கள் என்று அதட்டவும் இல்லை. எல்லாரையும் கூட்டி, எழுவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். அதாவது, பந்தியின் பொறுப்பே முறையிட்ட மக்களின் கைக்குச் சென்றது. மடையின் திறவுகோல் கடைமடைக்காரரிடம் கொடுக்கப்பட்டது. அதன்பின் சீடர்களின் எண்ணிக்கை பெருகியது என்றுதான் லூக்கா எழுதுகிறார்.

நம் பங்கில் கேட்க வேண்டிய கேள்விகள்

பெரிய மாநாடு தேவையில்லை. அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் சில கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். நம் கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? அமரர் ஊர்தி எல்லாத் தெருவுக்கும் போகிறதா? திருவிழாத் தேர் எந்தத் தெருவில் திரும்பிவிடுகிறது? பங்குப் பேரவையிலும் நிதிக்குழுவிலும் யார் இருக்கிறார்கள், யார் ஒருபோதும் இருந்ததில்லை? நம் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் கையில் உள்ள கயிற்றைப் பற்றி அவர்களிடம் என்றாவது பேசியிருக்கிறோமா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியவில்லை என்றால், நாம் தலைமடையில் இருக்கிறோம் என்று பொருள். அதற்காக வெட்கப்பட்டு ஒளிய வேண்டாம். கடைமடை வரை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்தால் போதும்.

அந்தச் சகோதரி இன்றும் அன்பியத்துக்கு வருகிறார். அன்று அவர் கேட்ட கேள்விக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் தந்தையின் கல்லறைக்கு அருகே அந்தச் சுவர் நிற்கிறது. இறந்த விசுவாசிகளின் நினைவு நாளான நவம்பர் 2 அன்று சுவரின் இரண்டு பக்கமும் மெழுகுதிரி எரியும். ஒரே குருவானவர் இரண்டு பக்கமும் தீர்த்தம் தெளிப்பார். உயிர்த்தெழுதலில் நம்பிக்கை கொண்டுள்ளதாக இரண்டு பக்கத்தாரும் ஒரே குரலில் அறிக்கையிடுவார்கள்.

உயிர்த்தெழும் நாளில் அந்தச் சுவர் இருக்காது என்று நாம் நம்புகிறோம். அதுவரை அது ஏன் நிற்க வேண்டும்? அடுத்த அன்பியக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வரும்போது, தேநீர் வந்தாலும் பேச்சை மாற்றாமல் இருப்போம்.